நெபோ ஊர் ஜான் ஜோன்ஸ்

ஜனவரி 9, திங்கள்

நரம்பியல் டாக்டர் கேட்டதையெல்லாம் மறக்கும் முன் எழுதிவிடுகிறேன். வீட்டில் யாரிடமும் சொல்லப்போவதில்லை. எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே.

குழந்தைகள் வார்டில் என்னோடு வேலை பார்க்கும் ஃப்ளோராதான் விடாப்பிடியாக அனுப்பினாள். கையிலிருந்து இரண்டு மூன்று தடவை சாமான் நழுவியது, அவ்வளவுதான். நாற்பத்து நான்கு வயதில், இருபது வருட நர்ஸ் வேலைக்குப் பிறகு யாருக்கும் நழுவும். டாக்டர் விரல்களை விரிக்கச் சொன்னார். நாக்கை நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொன்னார். நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்பா எப்படி இறந்தாங்க, சிஸ்டர்?"

"குடி."

"கை கால் ஆட்டம் இருந்துச்சா?"

"குடிகாரருக்கு இல்லாம இருக்குமா டாக்டர்?"

"அவங்க அப்பா?"

"முப்பத்தொரு வயசுல ரெண்டு ரயில் பெட்டிக்கு நடுவுல மாட்டி இறந்துட்டார்."

"அதுக்கு முன்னாடி?"

அதற்கு முன்னால் ஜான் ஜோன்ஸ். வேல்ஸ் தேசத்திலிருந்து வந்து நாகப்பட்டினம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த வெள்ளைக்காரர். எங்கள் மரியம்மாள் பூட்டியைக் கட்டிக்கொண்டு இங்கேயே செத்தவர். அவரும் குடித்தே வேலையைத் தொலைத்தார் என்று எங்கள் வீட்டில் பேச்சு உண்டு. வேறொன்றும் தெரியாது.

ஹண்டிங்டன் நோயாக இருக்கலாம் என்றார் டாக்டர். நாற்பதை ஒட்டி உடம்பு தானாக ஆடத் தொடங்கும். நடை, பேச்சு, புத்தி என்று ஒவ்வொன்றாகப் போகும். குணமாக்க மருந்து இல்லை. பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி. ஒரு ரத்தப் பரிசோதனை போதும், தெரிந்துவிடும்.

கொஞ்சம் டைம் கொடுங்கள் என்று எழுந்து வந்துவிட்டேன்.

நிதானமாக யோசித்தால் விஷயம் எளிது. அப்பாவின் அம்மா எண்பத்தெட்டு வயதுவரை கை நடுங்காமல் இருந்தார். மரியம்மாள் பூட்டி சாகும்வரை ஊசியில் நூல் கோத்தவர். ஆகவே இந்த நோய் எங்கள் வீட்டுக்குள் வந்திருந்தால் ஒரே வாசல் ஜான் ஜோன்ஸ்தான். அவர் குடும்பத்தில் அது இல்லையென்று தெரிந்துவிட்டால் அப்பாவுக்கு இருந்தது வெறும் குடி. எனக்கு இருப்பது வெறும் களைப்பு. என் மகள் ஜெமிமாவுக்கு ஒன்றுமே இல்லை.

மே மாதம் அவளுக்குக் கல்யாணம்.

ஜனவரி 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து பொங்கல் வைத்தேன். பக்கத்து வீட்டிலிருந்து கரும்பு கொடுத்தார்கள். மத்தியானம் கம்ப்யூட்டரில் 'ஜான் ஜோன்ஸ், வேல்ஸ்' என்று தேடினேன். கடற்கரையில் போய் மணலே என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது.

"செத்துப்போன வெள்ளைக்காரனைத் தேடி என்ன பண்ணப்போற?" என்று கேட்டார் ஜெமிமாவின் அப்பா. பஸ் டெப்போவில் ஃபோர்மேன். எதற்கும் ஒரு பயன் இருக்க வேண்டும் அவருக்கு.

"பிள்ளை கல்யாணத்துக்கு முன்னாடி வம்ச வரலாறு எழுதி வைக்கலாம்னுதாங்க."

நம்பிவிட்டார்.

ஜனவரி 24, செவ்வாய்

ஆறு மாதக் குழந்தைக்கு ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. மூன்று முறை குத்தினேன். கடைசியில் ஃப்ளோரா போட்டாள். பனிக்காலத்தில் நரம்பு சுருங்கிவிடும்.

பிப்ரவரி 4, சனி

நாகப்பட்டினம் போய்வந்தேன். பூட்டியின் கல்யாணம் நடந்த ஆலயத்தின் ஆயரிடம் முன்பே போனில் அனுமதி வாங்கியிருந்தேன். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை பீரோவைத் திறந்து பழைய திருமணப் பதிவேடுகளை மேசையில் அடுக்கினார்.

"எந்த ஜோன்ஸும்மா? இதுல ஏழெட்டு ஜோன்ஸ் இருக்காங்களே."

"மரியம்மாளைக் கட்டுனவர்."

"அப்படிக் கேளுங்க. பொண்ணு பேர வச்சுத் தேடுனாத்தான் ஆம்பளை கிடைப்பான்."

கிடைத்தார். 1911, ஜூன். ஜான் ஜோன்ஸ், வயது இருபத்தாறு, ஃபிட்டர். சொந்த ஊர் என்ற இடத்தில் நெபோ, வேல்ஸ் என்று எழுதியிருந்தது. மோசே ஏறி நின்று, வாக்களிக்கப்பட்ட கானான் தேசத்தைப் பார்த்த நெபோ மலையின் பெயர். பார்த்தாரே தவிர உள்ளே போகக் கிடைக்கவில்லை அவருக்கு.

தகப்பன் பெயர் எழுதும் கட்டத்தில் ஈரம் பட்டு மை கலைந்திருக்கிறது. படிக்க முடியவில்லை. பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண், "ஏம்மா, காலை கொஞ்சம் ஆட்டாம உக்காருங்களேன்" என்றாள். ரோடு அப்படி.

பிப்ரவரி 9, வியாழன்

வேல்ஸில் வம்சாவளி தேடுகிறவர்களுக்குச் சும்மாவே உதவி செய்கிற சங்கம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து மெகன் என்ற பெண்மணி பதில் போட்டிருக்கிறார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சராம். நெபோ என்ற பெயரில் அங்கே நாலைந்து ஊர்கள் உண்டு, எல்லாம் ஜெபக்கூடத்தைச் சுற்றி வளர்ந்தவை என்கிறார். கப்பலேறிப் போனவர் என்றால் கல்குவாரிப் பக்கத்து நெபோவாக இருக்கலாமாம். அந்த ஒரு ஜெபக்கூடத்தின் அங்கத்தினர் பட்டியலில் மட்டும், வயதுக்குப் பொருந்தும் ஜான் ஜோன்ஸ் பதினான்கு பேர்.

பதினான்கு பேர். ஒருவனாவது வேறு பெயர் வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா?

பிப்ரவரி 13, திங்கள்

மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். காபித் தட்டை, லீவு போட்டு வந்திருந்த ஜெமிமாவே எடுத்து வந்துவிட்டாள். நான் எழுந்தபோது, "நீ உக்காரும்மா" என்று தோளை அமுக்கினாள். எல்லார் முன்னாலும்.

பிப்ரவரி 20, திங்கள்

பதினான்கு பேர் இரண்டு பேராகிவிட்டார்கள். மற்றவர்கள் அங்கேயே கல்யாணம் ஆகி அங்கேயே அடக்கமானவர்கள். இந்த இருவர் மட்டும் 1908-ல் ஊரை விட்டுப் போயிருக்கிறார்கள். எங்கே போனார்கள் என்று இருவருக்குமே எழுதியிருக்கவில்லை.

ஒரே பெயரில் இத்தனை பேர் இருப்பதால் அந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் பட்டப்பெயர் உண்டாம். முதலாமவர் 'கடிகாரம்' ஜான் ஜோன்ஸ். தகப்பன் இவான், கடிகாரம் பழுது பார்க்கிறவர், எண்பத்தோரு வயதுவரை அதே வேலை செய்திருக்கிறார். அண்ணன் தம்பிகளும் தீர்க்காயுசு.

இரண்டாமவர் 'நடனம்' ஜான் ஜோன்ஸ். தகப்பன் ராபர்ட், கல்குவாரித் தொழிலாளி, நாற்பத்தொன்பது வயதில் மனநோய் விடுதியில் இறந்தவர். அந்த வீட்டுக்கே நடனக்காரர் வீடு என்று பெயராம். மெகன் எழுதுகிறார்: 'இதில் வேடிக்கை என்னவென்றால், அது நடனமே பாவம் என்று தடுத்த சபை. அப்படிப்பட்ட ஊரில் இந்த வீட்டாருக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று புரியவில்லை. இந்த ஜான் பன்னிரண்டு வயதில் மதுவைத் தொடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட அட்டைகூட எங்களிடம் இருக்கிறது.'

எனக்குப் புரிகிறது.

உங்கள் பதிவேட்டில் தகப்பன் பெயர் இருக்குமே, அந்தப் பக்கத்தை அனுப்புங்கள், ஒரு நிமிடத்தில் முடிவு செய்துவிடலாம் என்று கேட்டிருக்கிறார். மை கலைந்துவிட்டது என்று பதில் எழுதினேன்.

பிப்ரவரி 21, செவ்வாய்

ஆற அமர யோசித்துவிட்டேன். ஃபிட்டர் என்பவர் இயந்திரம் தெரிந்தவர். கடிகாரக்காரர் மகன்தான் ஃபிட்டராவான். கல் உடைக்கிறவர் மகனுக்கு ஸ்பேனர் பிடிக்க யார் சொல்லிக் கொடுப்பார்கள்? தவிர, நம் ஆள் குடித்தவர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் குடிப்பாரா?

ஆகவே கடிகாரக்காரர்தான் நம்மவர். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

மார்ச் 6, திங்கள்

டாக்டரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "ரொம்பச் சிரமப்பட்டிருக்கீங்க சிஸ்டர். டெஸ்ட்டுக்கு எப்போ வர்றீங்க?" என்றார்.

அவருக்கு நான் சொன்னது புரியவில்லை.

மார்ச் 19, ஞாயிறு

ஆலயத்தில் பிரசங்கம் நடக்கும்போது ஜெமிமாவின் அப்பா என் முழங்கால் மேல் கையை வைத்து அழுத்தினார்.

"ஏன் இப்படி ஆட்டிக்கிட்டே இருக்க? முன் வரிசைல திரும்பிப் பாக்குறாங்க."

"கொசுங்க."

கையை எடுக்கவேயில்லை. பிரசங்கம் முடியும்வரை அழுத்திக்கொண்டே இருந்தார்.

மார்ச் 28, செவ்வாய்

கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்த்தோம். மணமகளின் தாய்வழிப் பாட்டனார் பெயர் போட வேண்டுமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். 'காலஞ்சென்ற அருள்தாஸ் ஜோன்ஸ்' என்று என் அப்பா பெயரை ஜெமிமா எழுதிக் கொடுத்தாள். வேண்டாம் என்று அடித்தேன். கோடு நேராக வரவில்லை.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை மும்மணி ஆராதனை. உட்கார முடியவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேட்டேன்.

ஏப்ரல் 12, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதப்போகிறேன்.

காலை பத்து மணிக்கு மூன்று வயதுப் பெண் குழந்தை, டெங்கு. ஃப்ளோரா லீவு. இரண்டு மாதமாகச் சின்னக் குழந்தைகளுக்கு அவள்தான் ஊசி ஏற்றுகிறாள். ஏன் என்று அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இன்று நான்தான். கையைத் தட்டி நரம்பைப் பிடித்து ஊசியை உள்ளே விட்டேன். ரத்தமும் வந்தது. ஒட்டுப் போடப் போகும்போது என் மணிக்கட்டு தானாக ஒரு வெட்டு வெட்டியது. ஊசி நரம்பைக் கிழித்துக்கொண்டு போனது. பிஞ்சுக் கை நீலமாக வீங்கிவிட்டது. தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருந்த குழந்தை, ரத்தம் சுலபமாக நிற்கவில்லை. இருபது நிமிடம் அழுத்திப் பிடித்தோம். குழந்தை என்னையே பார்த்து அலறியது.

அதன் தகப்பன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"சிஸ்டர் குடிச்சிட்டு வந்திருக்காங்க. நிக்கவே முடியல பாருங்க. யாராவது கேளுங்க."

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்சிங் சூப்பிரண்டெண்ட் வந்து என்னை மருந்து அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். பதினெட்டு வருடப் பழக்கம். முகத்தைப் பார்க்காமல், "மன்னிச்சுக்கங்க பியூலா, கம்ப்ளெயின்ட் வந்துட்டா நான் பாத்துதான் ஆகணும்" என்றார். வாயை ஊதச் சொன்னார். பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு மெதுவாக, "அப்போ என்னம்மா உங்களுக்கு?" என்று கேட்டார்.

குழந்தை நன்றாக இருக்கிறது. சாயங்காலம் வீக்கம் வடியத் தொடங்கியது. கிளம்பும் முன் எட்டிப் பார்த்தேன். உள்ளே போகவில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன். பத்து வருடத்துக்கு முன்னால் அப்பா இதே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார். நான் முதல் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். இடது கையை ஒரு துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தார். அப்படியும் தோள் குதித்துக்கொண்டிருந்தது. நடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் வாட்ச்மேனுக்குப் போன் பண்ணினேன். "குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்ணுவாரு. உள்ள விடாதீங்க" என்றேன். கொஞ்ச நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார். அடுத்த வருடம் தம்பி ரூபன் வீட்டில் இறந்தார்.

நான் கீழே இறங்கிப் போகவில்லை. என்னையாவது இன்று பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்தார்கள்.

ஏப்ரல் 15, சனி

கரூர் வங்கியில் வேலை பார்க்கும் ஜெமிமா வாராவாரம் போல வந்தாள். மத்தியானம் நான் தூங்கி எழுந்தபோது என் போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். திருமணப் பதிவேட்டின் படம் திறந்திருந்தது.

"ம்மா, இதுல ஈரம் பட்டு மை கலைஞ்சிருச்சுன்னு எழுதியிருந்தியே, எங்க பட்டிருக்கு?"

"அந்தக் கட்டத்துலதான்."

"ஓரத்துல கொஞ்சம் பட்டிருக்கு. பேரு தெளிவா இருக்கும்மா. ராபர்ட்."

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"மெகன் ஆன்ட்டியோட மெயிலெல்லாம் படிச்சுட்டேன். நடனக்காரர் வீடுன்னா என்னன்னு தேடியும் பாத்துட்டேன். எத்தனை நாளா ஒனக்குத் தெரியும்?"

"ஜனவரிலேர்ந்து."

"பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடியே."

"உன் கல்யாணம் முடியட்டும்னு பாத்தேன்."

"இது எனக்கும் உள்ள விஷயம்மா. நீ மட்டும் ஒளிச்சு வைக்க ஒனக்கு யாரு உரிமை குடுத்தா?"

அவள் அழவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போய்த் தன் அப்பாவைக் கூட்டி வந்து உட்காரவைத்தாள். எல்லாவற்றையும் நான் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "ஆலயத்துல ஒன் காலைப் பிடிச்சு அமுக்கினேனே" என்றார்.

ஏப்ரல் 17, திங்கள்

குழந்தைகள் வார்டிலிருந்து மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். காரணம் எழுதினேன். டெங்குக் குழந்தைக்கு நேர்ந்தது என் கையால் என்பதையும் எழுதினேன். ஸ்டெர்லைஸ் செய்யும் பிரிவில் கணக்கெழுதப் போட்டிருக்கிறார்கள். அதுவும் எத்தனை நாளோ.

ஏப்ரல் 20, வியாழன்

ரத்தம் கொடுத்தேன். என் கை நிற்கவில்லை. ஜெமிமா ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். எடுத்த பெண் திறமைசாலி. ஒரே குத்தில் நரம்பு கிடைத்துவிட்டது.

மே 2, செவ்வாய்

மாப்பிள்ளையிடம் ஜெமிமாவே சொல்லிவிட்டாள். நேரில் போய்ச் சொன்னாள். அவன் யோசிக்க வேண்டும் என்றானாம்.

மே 11, வியாழன்

இருக்கிறது.

மே 13, சனி

இரண்டு நாளாக எழுதவில்லை. டாக்டர் நன்றாகப் பேசினார். எத்தனை வருடம், எது முதலில் போகும் என்றெல்லாம் கேட்டேன். தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். ஜெமிமாவைப் பார்த்து, நீங்கள் பரிசோதனை செய்துகொள்வதும் கொள்ளாததும் உங்கள் விருப்பம், யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றார். இப்போதைக்கு வேண்டாம் என்றாள். "தெரிஞ்சுக்கணும்னு தோணுற அன்னைக்கு நானே வர்றேன் டாக்டர்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் என் மடியில் தலை வைத்தாள். கல்லூரி போன பிறகு அவள் அப்படிப் படுத்ததில்லை.

மே 18, வியாழன்

கல்யாணம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, தேதியும் சொல்லவில்லை. மண்டபத்துக்குப் போன் பண்ணி ஜெமிமாவின் அப்பாவே ரத்து செய்தார்.

மே 29, திங்கள்

மெகனுக்குப் பதிவேட்டின் படத்தை அனுப்பினேன். முன்பு பொய் சொன்னேன் என்றும் எழுதினேன். அந்த வீட்டாரின் நடனம் என்ன என்பதையும் எழுதினேன்.

ஜூன் 3, சனி

மெகனின் பதில். ராபர்ட்டுக்கு ஜானைத் தவிர இரண்டு பெண்கள். மூத்தவள் வழியில் வந்த குடும்பம் இன்னும் பக்கத்து ஊரில் இருக்கிறதாம். அவர்களில் ஒருவருக்குப் பத்து வருடம் முன்பே இதே நோய் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். 1908-ல் கிளம்பிப் போன ஜான் என்ன ஆனார் என்று தெரியாமல் அந்த வீட்டில் மூன்று தலைமுறையாகத் தேடியிருக்கிறார்கள். ஜான் ஜோன்ஸ் என்ற பெயரை வைத்துக்கொண்டு எங்கே தேடுவார்கள், பாவம்.

தகப்பனை விடுதியில் போய்ப் பார்த்துவிட்டு வந்த அடுத்த வாரம் ஜான் ஊரை விட்டுக் கிளம்பினாராம். அப்போது இருபத்து மூன்று வயது. ஜெமிமாவுக்கு இப்போது இருபத்து மூன்று.

நாகப்பட்டினத்தில் அவரைக் குடிகாரன் என்று வேலையிலிருந்து நிறுத்தியபோது தனக்கு என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கும். மரியம்மாளிடம் சொன்னாரோ இல்லையோ.

ஜூன் 11, ஞாயிறு

மணப்பாறைக்குப் போனேன். ரூபனோடு பேசி ஒன்பது வருடமாகிறது. அப்பாவின் அடக்கத்தன்று, 'நீ மட்டும் அவரைப் பாத்துக்கிட்டு நல்ல பேரு வாங்கிட்டேல்ல' என்று எல்லார் எதிரிலும் கேட்டவள் நான்.

சைக்கிள் கடை வைத்திருக்கிறான். ஞாயிறு என்பதால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவன் கைகளைப் பார்த்தேன். அசையாமல் இருந்தன. அவனுக்கு நாற்பது.

"அப்பா குடிக்கலடா" என்றேன்.

"தெரியும்க்கா."

"அவருக்கு ஒரு வியாதி இருந்திருக்கு. பரம்பரை வியாதி. எனக்கும் வந்துருச்சு. டெஸ்ட் பண்ணிட்டேன்."

ஒட்டை அழுத்திப் பிடித்தபடியே இருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேல்ஸ், நெபோ, ராபர்ட், பாதிக்குப் பாதி என்று எல்லாம். அவனுக்கும் அவன் இரண்டு பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் தோள் ஒரு முறை தூக்கிப்போட்டது. பார்த்தான்.

"எனக்கும் இருக்கலாம்ங்கிற."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"ம்."

"ரூபா, அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு அப்பா எதுக்குடா வந்தாரு?"

"அது எதுக்கு இப்ப."

"சொல்லு."

"நீ நர்ஸுல்ல. இது என்ன வியாதின்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கும், கேட்டுட்டு வர்றேன்னு போனாரு. நான்தான் பஸ் ஏத்தி விட்டேன். வந்து ஒண்ணும் சொல்லல. மக பிஸியா இருக்கான்னு மட்டும் சொன்னாரு."

எனக்கு அழுகை வந்ததா என்று நினைவில்லை. அவன் எழுந்து ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு எதிர்க் கடையில் ஒரு பிளாஸ்கில் டீ வாங்கி வந்தான். இரண்டு டம்ளர்களைக் கழுவினான். தன் டம்ளரில் நிறைய ஊற்றினான். என்னுடையதில் பாதி மட்டும் ஊற்றி, என் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்தான்.

"அப்பாவுக்கு இப்படித்தான் ஊத்துவேன்" என்றான். "நிறைய ஊத்துனா சிந்தும். அப்புறம் அதுக்கு வருத்தப்படுவாரு."

சிந்தாமல் குடித்தேன். நான் முடிக்கும்வரை காத்திருந்து, மீதிப் பாதியை ஊற்றினான்.